முள்ளெலி அசனத்துக்குப் போன வழி

செம்மணல் மேடு மேடாகக் கிடக்கும் தேரிக் காட்டில் ஒரு முள்ளெலி இருந்தது. கையளவு உடம்பு. உடம்பு முழுக்க முள். அதன் பேர் மாசிலாமணி.

பேரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அந்தக் காட்டோரத்தில் ஒரு சின்னக் கோயில் உண்டு. மேலே சிலுவை, கீழே ஓட்டுக் கூரை. அங்கே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது காட்டு மிருகங்கள் சன்னலுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்கும். நல்ல பேராகப் பட்டால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடும். அப்படித்தான் நரிக்கு வேதமுத்து என்றும், முயலுக்குச் சலோமி என்றும் பேர் வந்தது.

பேர் மட்டுமா? அசனமும் அங்கிருந்து வந்ததுதான். வருஷத்துக்கு ஒரு தரம் கோயில் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து சமைத்து, வரிசையாக உட்கார்ந்து, ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் சாப்பிடுவார்கள். அதைப் பார்த்து மிருகங்களும் ஓர் அசனம் வைத்தன. மழைத் தண்ணீர் நிறைந்து கிடக்கும் தருவைக் கரையில், தை மாதத்தில் நடக்கும். ஆளுக்கொரு காணிக்கை கொண்டு வர வேண்டும். நன்றி சொல்ல வேண்டும். பிறகு பந்தி. அன்றைக்கு மட்டும் யாரும் யாரையும் தின்னக் கூடாது. அது சட்டம்.

மாசிலாமணிக்கும் இலை உண்டு. ஆனால் பந்தியில் இல்லை. கரையான் புற்றுக்கு அந்தப் பக்கம், தனியாக ஓர் இலை.

"தப்பா நினைக்காதீரும் வேய்," என்று சொல்லும், அசனத்தை நடத்துகிற நரி. "உம்ம முள்ளு பிள்ளைகளைக் குத்திரும். அதுக்குத்தான்!"

"சரி அண்ணாச்சி," என்று சொல்லும் மாசிலாமணி.

மூன்று வருஷமாக அப்படித்தான். புற்றுக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இதற்குத் தெரியாது. இருந்தாலும் இதுவும் கொஞ்சம் சிரித்துக்கொள்ளும். சாப்பிட்டு முடித்து வளைக்குத் திரும்பும்போது, "வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழையும். உள்ளே யாரும் கிடையாது.

இந்த வருஷம் அசனத்துக்கு நாலு நாள் இருக்கும்போது நரி வளைக்கே வந்துவிட்டது.

"மாசிலாமணி! பனங்கிழங்கு ஒண்ணு நல்லாப் பருத்ததாக் கொண்டு வாரும். எனக்குக் கிழங்குன்னா உசுரு! கொண்டு வந்தீர்னா நடுப்பந்தியில எடம் போடுதேன். சலோமிக்குப் பக்கத்துல!"

"நடுப்பந்தியிலயா!"

"நரி சொன்னா சொன்னதுதான்! ஆனா ஒண்ணு. இந்த வருஷம் காணிக்கை இல்லாம வாரவங்களுக்கு இலை கிடையாது. புத்துக்கு அந்தப் பக்கமும் கிடையாது."

அன்றைக்கே மாசிலாமணி தோண்ட ஆரம்பித்தது. மூன்று நாள் தோண்டி, ஒரு கிழங்கை முனை ஒடியாமல் எடுத்தது. அதன் உடம்பைப் போல இரண்டு மடங்கு நீளம். ஓய்வெடுக்கிற நேரத்தில் எதிரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு பேசிப் பழகியது. பந்தியில் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது பேச வேண்டும் இல்லையா?

"இந்த வருஷம் மழை பரவாயில்ல, என்ன?" என்று கல்லைக் கேட்டது. கல் ஒன்றும் சொல்லவில்லை. "ஆமா, பரவாயில்ல," என்று அதற்காகவும் இதுவே சொல்லிக்கொண்டது.

அசனத்து நாள் விடிந்தது. மாசிலாமணி கிழங்கை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு கிளம்பியது. நாலடி இழுக்கும், நிற்கும். மறுபடி இழுக்கும். கௌதாரிக் கூட்டம் அதைத் தாண்டிப் போயிற்று. முயலும் தாண்டிப் போயிற்று.

வழியில் ஒரு பள்ளம். ஆட்கள் பனங்கிழங்கு தோண்டி எடுத்துவிட்டு மூடாமல் போட்ட பள்ளம் அது. அதன் பக்கத்தில் போனதும் கௌதாரி கத்தியது.

"அந்தப் பக்கம் பாக்காதீங்க பிள்ளைகளா! உள்ளே ஆமை கெடக்கு! நல்ல நாளும் அதுவுமா ஆமை மூஞ்சில முழிச்சா அசனமே கெட்டுப் போயிரும்!"

சொல்லிக்கொண்டே குஞ்சுகளின் கண்ணைச் சிறகால் மூடி, தள்ளிக்கொண்டு ஓடியது.

முயல் சலோமி மட்டும் கொஞ்சம் தள்ளி ஒரு நிமிஷம் நின்றது. "மல்லாந்து கெடக்குபோல இருக்கே," என்று முணுமுணுத்தது. பிறகு நரியின் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "யாராவது வருவாங்க," என்று சொல்லிவிட்டுத் தாவி ஓடிவிட்டது.

மாசிலாமணி மெதுவாக வந்து சேர்ந்தது. பார்க்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தது. ஆனாலும் எட்டிப் பார்த்துவிட்டது.

உள்ளே ஓர் ஆமை. ஓட்டில் மஞ்சள் மஞ்சளாக நட்சத்திரக் கோலம். மல்லாந்து கிடந்தது. நாலு காலும் ஆகாயத்தைப் பார்த்து மெதுவாக அசைந்தன. வெயில் வயிற்றில் அடித்தது.

"யாரு அது?" என்று கேட்டது ஆமை.

"யாரும் இல்ல," என்றது மாசிலாமணி.

"யாரும் இல்லன்னா கிழங்கு வாசம் எப்படி வருது?"

"அது... நான் அசனத்துக்குப் போறேன். நேரமாயிட்டு."

"போங்க, போங்க. நேத்துல இருந்து எத்தனையோ காலடிச் சத்தம் கேட்டுட்டேன். நின்னு எட்டிப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான். அதுக்கே ரொம்ப நன்றிங்க."

மாசிலாமணி கிழங்கைக் கவ்விக்கொண்டு நடந்தது. ஐந்தடி. பத்தடி. முப்பதடி. அங்கே கால் நின்றுவிட்டது.

அசனத்தில் நன்றி என்ற வார்த்தையை அது எத்தனையோ முறை கேட்டிருக்கிறது. மழைக்கு நன்றி, புல்லுக்கு நன்றி, குஞ்சு பொரித்ததற்கு நன்றி. ஆனால் அதன் முகத்துக்கு நேரே யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் முதல் தரம். அதுவும் எதற்கு? ஒன்றும் செய்யாமல் எட்டிப் பார்த்ததற்கு!

அதற்கு வெட்கமாக இருந்தது. "பின்னால வேற யாராவது வருவாங்க," என்று சொல்லிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தது. செம்மண் பாதை வெறுமையாகக் கிடந்தது. கிழங்கை இழுத்து இழுத்து அதுதான் கடைசி ஆளாகிவிட்டதே! இனி வர யாரும் இல்லை.

மாசிலாமணி திரும்பி வந்தது. விளிம்பு மணல் சரிந்தது. கிழங்கோடு சேர்ந்து பள்ளத்துக்குள் உருண்டு விழுந்தது.

"ஐயோ! யாரு விழுந்தது?"

"நான்தான். யாரும் இல்லன்னு சொன்னேனே, அவன்தான்!"

ஆமை கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. மாசிலாமணி அதன் ஒரு பக்கத்து மணலைத் தோண்டிப் பறித்தது. ஓடு கொஞ்சம் சாய்ந்தது. கிழங்கைக் கொண்டுவந்து ஓட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தது. பிறகு முதுகை வைத்துத் தள்ளியது.

"முள்ளு குத்தும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க!"

"எங்க குத்துது? கிச்சுகிச்சு மூட்டுத மாதிரில்லா இருக்கு!"

ஆமை சிரித்தது. தன் முதுகு பட்டு ஒருவர் சிரித்ததை மாசிலாமணி அன்றுதான் கேட்டது. அது இன்னும் பலமாகத் தள்ளியது. சறுக்குகிற மணலில் அதன் முள்தான் குத்தி நின்று பிடி கொடுத்தது.

டப்பென்று ஒரு சத்தம். கிழங்கு இரண்டாக ஒடிந்தது. அதே நேரத்தில் ஆமை புரண்டு நிமிர்ந்தது!

மாசிலாமணி ஒடிந்த கிழங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் உழைப்பு. நடுப்பந்தி. எல்லாம் இரண்டு துண்டாகக் கிடந்தன.

"காணிக்கைக்கு வச்சிருந்ததா?" என்று ஆமை கேட்டது.

"ஆமா."

"ஐயையோ!"

ஆமையின் நாக்கு உலர்ந்து வெடித்திருந்தது. மாசிலாமணி அதைப் பார்த்தது. ஒரு துண்டை ஆமையின் பக்கம் தள்ளியது.

"தின்னுங்க. ஒரு நாளா ஒண்ணும் தின்னிருக்க மாட்டீங்க. எனக்கு அரைக் காணிக்கை போதும். உங்க பேர் என்ன?"

"பாக்கியத்தாய். வடக்கே அடுத்த காட்டுல இருந்து வாரேன். போன கோடையில எங்க காட்டுல தீப்பிடிச்சுது. கூட இருந்தவங்க யாரும் தப்பல. நான் மட்டும் பொழச்சேன். அதுக்கு நாலு பேரோட உட்கார்ந்து நன்றி சொல்லணும்னு ஆசை. தனியாச் சொல்லிச் சொல்லி அலுத்துட்டு. இங்க அசனம் உண்டுன்னு கேள்விப்பட்டு வந்தேன்."

மாசிலாமணி உடனே வேலையில் இறங்கியது. பள்ளத்தின் ஓரத்தைச் சாய்வாகப் பறித்து வழி உண்டாக்க ஆரம்பித்தது. பறிக்கப் பறிக்க மணல் சரிந்தது. தருவைப் பக்கம் பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு பாட்டும் ஓய்ந்தது. உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் இரண்டும் மேலே வந்து சேர்ந்தன.

தருவைக் கரையில் அப்போதுதான் பந்தி உட்கார்ந்திருந்தது.

"ஏய்! அது என்ன கூட வருது!" என்று நரி துள்ளி எழுந்தது.

பந்தி முழுக்கக் கூச்சல். கௌதாரி மறுபடியும் குஞ்சுகளின் கண்ணை மூடியது. "போச்சு! அசனம் போச்சு!" என்று கத்தியது.

நரி மாசிலாமணியின் பக்கத்தில் வந்து கிழங்கை மோந்து பார்த்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"பாதிக் கிழங்குதானா? சரி, பரவாயில்ல. நான் சொன்ன சொல் மாற மாட்டேன். பாரும், சலோமிக்குப் பக்கத்துல இலை போட்டுக் கெடக்கு. வாரும், உட்காரும். அதை மட்டும் வந்த வழியே அனுப்பிரும்."

மாசிலாமணி பார்த்தது. நடுப்பந்தியில் ஒரு பூவரச இலை. கழுவித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் முயல், இந்தப் பக்கம் அணில். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம். உண்மையாகவே இடம்!

"நீங்க உட்காருங்க," என்றது பாக்கியத்தாய். "நான் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போயிருதேன். என்னைப் பத்தி ஒண்ணும் நினைக்காதீங்க."

மாசிலாமணி நரியின் பக்கம் திரும்பியது.

"அண்ணாச்சி, இவங்களும் நன்றி சொல்லத்தான் வந்திருக்காங்க."

"அதுக்கு? ஆமைக்கெல்லாம் பந்தியில எடம் போட முடியுமா?"

"அப்ப நானும் புத்துக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்துக்கிடுதேன்."

அது பாதிக் கிழங்கை நரியின் முன்னால் வைத்தது. "ஆண்டவருக்குன்னு எடுத்தது. வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு, ஆமையோடு மெதுவாக நடந்து புற்றுக்குப் பின்னால் போய்விட்டது.

"முள்ளுக்கும் ஓட்டுக்கும் நல்ல பொருத்தம்டே!" என்றது நரி. பந்தி சிரித்தது. இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மாசிலாமணிக்கு நன்றாகத் தெரிந்தது. அது சிரிக்கவில்லை.

புற்றுக்குப் பின்னால் இலை இல்லை. வெறும் மணல். இரண்டும் உட்கார்ந்தன. பாக்கியத்தாய் கண்ணை மூடிக்கொண்டது.

"ஆண்டவரே, என்னைத் தீயில இருந்து காப்பாத்தினதுக்கு ஸ்தோத்திரம். பள்ளத்துல கெடந்தப்ப மாசிலாமணியை அனுப்பினதுக்கு ஸ்தோத்திரம். அவர் தந்த கிழங்குக்கு ஸ்தோத்திரம். அவர் முள்ளுக்கும் ஸ்தோத்திரம்."

மாசிலாமணி ஒரு கண்ணைத் திறந்தது. "முள்ளுக்குமா?"

"பின்னே? அது இல்லன்னா அந்த மணல்ல பிடி கிடைச்சிருக்குமா?"

ஆமை சத்தமாகவே ஜெபம் செய்திருந்தது. புற்றுக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோயிருந்தது.

"ம், சாப்பிடுங்க! என்ன பாத்துக்கிட்டு!" என்று நரி அதட்டியது.

யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. முயல் சலோமி தன் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றது. அதன் மூக்கு நடுங்கியது.

"காலையில நான் உங்களைப் பார்த்தேன்," என்று ஆமையிடம் சொன்னது. "மல்லாந்து கெடந்தீங்க. யாராவது வருவாங்கன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்."

"வந்தாரே!" என்றது பாக்கியத்தாய். "இதோ, இவர்தான் வந்தாரு."

முயல் இலையை மூவருக்கும் நடுவில் வைத்தது.

"சலோமி!" என்று நரியின் குரல் வந்தது. "உன் எடம் காலியாக் கெடக்கு! நாளைக்கு அசனம் கிடையாது, ஞாபகம் இருக்கா?"

முயலின் காது இரண்டும் பயத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டன. நாளைக்கு நரி நரிதான், முயல் முயல்தான். அது ஒரு தரம் பந்தியைத் திரும்பிப் பார்த்தது.

"கெடக்கட்டும் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு மாசிலாமணியின் பக்கத்தில், முள் படாத அளவுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, உட்கார்ந்தது.

விழுந்து கிடப்பவரைத் தாண்டிப் போய்ச் சொல்லுகிற நன்றி, ஆண்டவர் காதுக்கு எட்டாது.