கழிவுக் குழாயின் குரல்

ஏரியைத் தூர்த்துக் கட்டிய கண்ணாடிக் கட்டடம் ஒன்று. அதன் முதுகுப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம். அந்த இயந்திரத்தைக் கட்டி மேய்த்தவள் தமயந்தி. முப்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். ஆனாலும் எல்லாருக்கும் அவள் வாத்தியார்தான்.

வாத்தியாருக்கு ஒரு சிஷ்யர். பேர் சேதுராசு. பேரன் பேத்தி எடுத்த மனிதர். வயதில் அவர் மூத்தவர், தண்ணீரில் அவள் மூத்தவள். அதனால் அவள் அவரை "அண்ணே" என்பாள், அவர் அவளை "வாத்தியாரே" என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு.

மதியம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகவேண்டும், அந்நேரம் கொட்டகையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று தமயந்தி கேட்டபோது, இளவட்டங்கள் நான் நீ என்று முன்னால் வந்தார்கள். அவள் சேதுராசுவைத்தான் கேட்டு வாங்கினாள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை.

அதற்கு முன் அவர் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தவர். இப்போது கயிறு கிடையாது. தரையில் நின்று நீளக் கம்பத்தை உயர்த்தினால் போதும். நுனியில் இருக்கும் பிரஷ் தேய்க்கும், அதன் வழியே தண்ணீர் ஊற்றும். துணி கொண்டு துடைக்க வேண்டியதில்லை. தண்ணீர் தானாகக் காயும்.

"தண்ணிக்குள்ள ஒண்ணுமே இல்லன்னா, காஞ்ச பிறகு கண்ணாடியில என்ன இருக்கும்?" என்று முதல் நாள் கேட்டாள் தமயந்தி.

"ஒண்ணும் இருக்காது."

"பாடம் முடிஞ்சது. மிச்சமெல்லாம் நட்டு போல்ட்டு."

நட்டு போல்ட்டையும் சொல்லிக்கொடுத்தாள். வெள்ளைக் குழாய்க்குள் கோரைப்பாயைச் சுருட்டி வைத்ததுபோல் ஒரு சுருள். அதுதான் உப்பை வடிகட்டும் மெம்பிரேன். உப்புத் தண்ணீர் ஒரு வழியாக உள்ளே போகும். இரண்டு வழியாக வெளியே வரும். நல்ல தண்ணீர் பூனை நடக்கிற மாதிரி சத்தமில்லாமல் வரும். உப்பைச் சுமந்த கழிவுத் தண்ணீர் சந்தைக்குப் போகிற கூட்டம் மாதிரி சளசளவென்று போய் வெளித் தொட்டியில் விழும்.

"இது வாயை மூடவே மூடாது போல," என்றார் சேதுராசு.

"மூடக் கூடாது அண்ணே," என்றாள் அவள்.

ஐப்பசி பிறந்து நல்ல வெயில் அடித்த ஒரு நாள். உச்சிப் பொழுது. நிழல் காலடிக்குள் போய் ஒளிந்துகொண்ட நேரம். நாலாவது மாடியின் ஓரத்துக் கண்ணாடி காய்ந்துகொண்டிருந்தது. காயக் காய, அதில் வெள்ளையாக ஏதோ எழுந்தது. முதலில் ஐந்து கோடு. கோடுகள் தடித்தன. அடியில் ஓர் உள்ளங்கை கூடிவந்தது.

கண்ணாடியின் வெளிப்பக்கம். கயிறு இல்லாமல் எந்த மனிதன் கையும் எட்டாத இடம்.

மேனேஜர் வின்சென்ட் அண்ணாந்து பார்த்தார். "என்னம்மா இது, கறையா, கையா?"

"எல்லாக் கண்ணாடியிலயும் பொட்டுப் பொட்டா இருக்கு சார். தண்ணி கெட்டிருக்கு."

"போன வாரமும் இதே பாட்டுத்தான் பாடினே. நாளைக்குச் சாயங்காலம் ஓனர் வர்றாரு. அப்பவும் இப்படி இருந்தா உன் கம்பத்தையும் மிஷினையும் மூட்டை கட்டிரு. பழையபடி கயிறுதான்." அவர் சேதுராசு பக்கம் திரும்பினார். "பெரியவரே, உங்க இடுப்புப் பட்டை ஸ்டோர்ல பத்திரமா இருக்கு. உங்கள விட்டா இங்க கயிறு தெரிஞ்ச ஆள் யாரு?"

சேதுராசு அவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்தார். அந்தக் கண்ணாடியை அவருக்குத் தெரியும். அடுத்த கயிற்றில் தொங்கிய இருளப்பன், விழுவதற்கு முன் கை ஊன்றியிருந்த கண்ணாடி அதுதான். மூன்று ஆடிக்கு முன்னால் நடந்தது. அதற்குப் பிறகு அவர் தரையை விட்டு ஏறியதே இல்லை.

மேனேஜர் போனதும் கேட்டார். "வாத்தியாரே, செத்தவங்க தண்ணியில வருவாங்களா?"

தமயந்தி எதிர்வீட்டுக்காரிக்குப் போன் போட்டாள். "என் மகளையும் கூட்டிட்டு வந்துருங்கக்கா. பசிக்குதுன்னு சொன்னா நம்பாதீங்க, இப்பத்தான் தின்னிருப்பா." பிறகு கொட்டகைக்குள் போய் ஒரு பழைய தோசைக்கல்லை எடுத்துவந்து வெயிலில் வைத்தாள்.

"தண்ணியில உப்பு பார்க்கத்தான் மீட்டர் இருக்கே வாத்தியாரே?"

"மீட்டர் எவ்வளவுன்னு சொல்லும். எதுன்னு சொல்லாது."

எப்போதோ பிடித்து மூடிவைத்திருந்த நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாள். அன்றைக்குப் பிடித்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாள். இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் சொட்டு காய்ந்தது. கல் கறுப்பாகவே இருந்தது. இரண்டாவது சொட்டு காய்ந்தது. வெள்ளையாக ஒரு வளையம், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றியதுபோல் ரேகை.

சேதுராசு எழுந்து இரண்டடி பின்னால் போனார்.

"உங்க கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல அண்ணே," என்றாள் தமயந்தி. "ஆனா போகவேண்டிய ஏதோ ஒண்ணு போகாம இருக்கு. காது குடுத்துக் கேளுங்க. என்ன கேக்குது?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தகரம் வெயிலில் முறுக்கிக்கொண்டது.

"ஒண்ணும் கேக்கலியே."

"அதான். வாய மூடாதது எங்க?"

அவள் இயந்திரத்தின் பின்புறம் போனாள். கழிவுக் குழாயின் வால்வு இறுக மூடியிருந்தது. மூடியது மட்டுமில்லை, கைப்பிடியைத் துண்டுக் கிழிசலால் கட்டியும் வைத்திருந்தது. கயிற்றில் தொங்குகிறவர்கள் போடும் முடிச்சு. உயிரையே தொங்கவிடலாம், அவிழாது.

"வீணாப் போகுதேன்னு..." என்று இழுத்தார் சேதுராசு. "எங்க ஊர்ல ஊத்துத் தோண்டி, சிரட்டையால அள்ளித்தான் குடம் நிறைப்போம். இத்தனை தண்ணி..."

"அந்தத் தண்ணியிலதான் வண்டி நிக்கிற இடத்த கழுவுறாங்க. நேத்துக் கழுவுனதே நீங்கதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"காலையில திறந்திருக்கு. சாயங்காலம் திறந்திருக்கு. மத்தியானம் நான் இந்தப் பக்கம் இல்லாதப்ப மட்டும் மூடுறீங்க. கஞ்சிய வடியவிடாம மூடுனா சோறு குழைஞ்சுதான் போகும். உப்பெல்லாம் உள்ளேயே நின்னு மெம்பிரேன் மேல ஓடு கட்டிருச்சு. அத விடுங்க. ஏன் மூடுனீங்க?"

அவர் முடிச்சைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அது பேசுது வாத்தியாரே."

"என்னன்னு?"

"'ண்ணே'ன்னு. ரெண்டு தடவை. தினமும் உச்சிப் பொழுதுல."

கொட்டகை வாசலில் நின்ற காக்கை, கூப்பிட்டவர் யாரென்று பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்தது.

"எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு," என்றார். "உச்சிப் பொழுதுல யார் கூப்பிட்டாலும் உடனே ஏன்னு கேக்கக் கூடாது. மூணாவது தடவை கூப்பிட்டாத்தான் மனுசன். பேயா இருந்தா ரெண்டோட நிறுத்திக்கும். எங்க ஆத்தா சொல்லிச் சொல்லி வளர்த்தது, எலும்புல ஊறிப்போச்சு. இருளப்பன் வாய் சும்மா இருக்காது. வெத்தலைக்குக் கூப்பிடுவான், மணி கேக்கக் கூப்பிடுவான், கீழ ஒருத்தன் வழுக்கைத் தலை மினுங்குதுன்னு காட்டக் கூப்பிடுவான். 'ஒழுங்கா மூணு தடவை கூப்பிடுடா'ன்னு வைவேன். 'ரெண்டுதாண்ணே இனாம், மூணாவதுக்கு டீ வாங்கித் தரணும்'பான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னிக்கும் உச்சிப் பொழுது. 'ண்ணே'ன்னான். நான் திரும்பல. மறுபடியும் 'ண்ணே'ன்னான். நான் மூணாவதுக்காகக் காத்திருந்தேன்."

அவர் குழாயின் வாயைப் பார்த்தார்.

"மூணாவது வரல வாத்தியாரே."

அவள் கேட்டாள். "இப்ப குழாயில மூணாவது வந்துரும்னு பயமா? இல்ல, வராம போயிரும்னு பயமா?"

அவர் போய் வாளியை எடுத்துவந்தார்.

அன்று சாயங்காலம்வரை இருவரும் மெம்பிரேனைச் சுத்தம் செய்தார்கள். வாளித் தண்ணீரில் படிந்ததை இளக்கும் எலுமிச்சை உப்புத் தூளைக் கரைத்து, சின்ன மோட்டாரால் உள்ளே சுற்றவிட்டாள் தமயந்தி. கழிவுக் குழாயின் வாயை ஒரு ரப்பர் குழாயால் நீட்டி அதே வாளிக்குள் அமுக்கினாள். தண்ணீருக்குள் மூழ்கிய வாய் பேசவில்லை.

"இன்னும் கொஞ்சம் முடுக்குனா சீக்கிரம் போயிருமே," என்றார் அவர்.

"கிழிஞ்சிரும். ரொம்ப நாள் ஒட்டுனதை வெரட்டக் கூடாது. ஊற விடணும்."

ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று வால்வை மூடிவிட்டு, அவர் போட்ட அதே முடிச்சை அவரையே போடச் சொன்னாள். "நாளைக்கு உச்சியில நீங்கதான் அவுக்கணும்."

"காலையிலயே அவுத்துரலாமே வாத்தியாரே?"

"காலையில அவுத்தா தண்ணி மட்டுந்தான் போகும்."

மறுநாள் உச்சிப் பொழுது. காற்று செத்துக் கிடந்தது. கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு மேகம்கூட அசையவில்லை. நாலாவது மாடியில் அந்தக் கை அப்படியே இருந்தது. தமயந்தி மோட்டாரைப் போட்டுவிட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாளியைக் கழுவத் தொடங்கினாள்.

சேதுராசு முடிச்சை அவிழ்த்தார். விரல்கள் முடிச்சை மறந்துபோனவை மாதிரி தடுமாறின. வால்வைத் திருப்பினார்.

குழாய் முதலில் காற்றைத் துப்பியது. பிறகு கலங்கலாக, வடிகஞ்சி மாதிரி தண்ணீர் வந்தது. வந்து, தடைப்பட்டது. உள்ளே எங்கோ ஒரு தொண்டை செருமியது.

"ண்...ணே."

அவர் கைமயிர் எழுந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். உள்ளங்காலுக்குக் கீழே தரை இல்லாததுபோலவும், இடுப்பில் பட்டை இறுக்குவதுபோலவும் இருந்தது. பக்கத்துக் கயிறு ஆடுகிறது. திரும்பினால் பார்த்துவிடலாம்.

"ண்ணே."

தண்ணீர் நின்றது. வாளி கழுவும் சத்தமும் நின்றது.

அவருடைய அம்மா சொல்லி வளர்த்தது எலும்பிலிருந்து எழுந்து வந்து வாயைப் பொத்தியது. பொறு, பொறு, இன்னும் ஒன்று இருக்கிறது.

சேதுராசு திரும்பினார். குழாயைப் பார்த்து, உடம்பு முழுக்கத் திரும்பினார்.

"என்னடா?" என்றார். "என்னடா இருளப்பா? இங்கதான்டா இருக்கேன். சொல்லு."

ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு குழாய் ஒரு விழுங்கு விழுங்கியது. தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. கலங்கலாக, பிறகு வெளுப்பாக, பிறகு தெளிவாக, சந்தைக்குப் போகிற கூட்டம் மாதிரி சளசளவென்று. அதில் எந்தக் குரலும் இல்லை. வெறும் தண்ணீர்.

அவர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தமயந்தி மறுபடி வாளியைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய வாளிதான்.

புளிப்பு போகும்வரை ஓடவிட்டு, வந்த நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு தோசைக்கல்லில் விட்டார்கள். காய்ந்தது. கல் கறுப்பாகவே இருந்தது. அந்தத் தண்ணீரில் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழுவி, கடைசியில் நாலாவது மாடி ஓரத்துக்கு வந்தார்கள். சேதுராசுதான் கம்பத்தைப் பிடித்தார். ஐந்து விரல்மேலும் பிரஷ் போனது. மெதுவாக, குழந்தையின் கையைக் கழுவுகிற மாதிரி.

காயக் காயப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒன்றும் எழவில்லை. ஒரு பருந்து மட்டும் கண்ணாடிக்குள் வட்டமிட்டு வெளியே போனது.

சாயங்காலம் ஓனர் வந்தார், பார்த்தார், போனில் பேசிக்கொண்டே போனார். வின்சென்ட் மட்டும் நின்றார். "இப்பதாம்மா கண்ணாடி மாதிரி இருக்கு. பெரியவரே, அந்தப் பட்டை ஸ்டோர்லயே கிடக்கட்டும்."

எல்லாரும் போன பிறகு தமயந்தி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சேதுராசு வாசலை மறித்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் வாத்தியாரே. அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்டுச்சா? இல்ல, எனக்கு மட்டுந்தானா?"

"நீங்க வர்றதுக்கு முந்தி மத்தியானமெல்லாம் நான்தானே இங்க இருந்தேன்," என்றாள் தமயந்தி. "தினமும் கேட்டேன் அண்ணே. என்னையக் கூப்பிடலையே."