அம்மாவுக்கு வைத்த சீம்பால்

"தொழுவத்து வேலை எனக்கு வேண்டாம்மா. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

மாசிலாமணி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் அடித்துக் களைத்தவர். மோட்சம் கேட்டு மடத்துக்கு வந்தவரிடம் குரு மாட்டுத் தொழுவத்தைக் கொடுத்திருந்தார். குருவை எல்லோரும் அம்மா என்பார்கள். வயதென்னவோ நாற்பதுதான், மாசிலாமணிக்கு மகள் மாதிரி.

"கன்னைப் புதைச்சாச்சா?"

"ஆச்சும்மா. இது மூணாவது. மூணும் கழிச்சல்லதான் போச்சு. ஒண்ணுகூடப் பத்து நாள் தாண்டலை."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"பிறக்கும்போது கன்னு உடம்புல எதிர்ப்பு சக்தியே கிடையாதாம். தாய்கிட்டேருந்துதான் வரணுமாம். நானும் தாய்க்குப் புண்ணாக்கைக் கூட்டித்தான் போட்டேன். சாம்பிராணி போட்டேன். ஜபம் பண்ணினேன். இன்னும் என்னதான் பண்றது? முடியலைம்மா."

அவருக்கு நிஜமாகவே முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிறந்ததும் கன்னு என்ன குடிச்சுது?"

"நஞ்சுக்கொடி விழுற வரைக்கும் மடியில விடலை. எங்க ஊர் வழக்கம் அது. விழுந்ததும் சீம்பாலை ஒட்டக் கறந்துட்டேன். ஒரு சொட்டு வீணாக்கலை."

"கறந்து?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுத் திரட்டி உங்களுக்குத்தானே குடுத்தேன்! குருவுக்கு வைக்காம எப்படி?"

அம்மா தொழுவத்தில் சினையாய் நின்ற செவலைப் பசுவைப் பார்த்தார்.

"செவலை எப்போ ஈனும்?"

"இந்த வாரத்துல."

"அது வரைக்கும் இருங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் செவலை ஈன்றது. கன்று இரண்டு தடவை விழுந்து, மூன்றாவது தடவை எழுந்து நின்றது. மாசிலாமணி அதைத் தள்ளிக் கட்டினார். நன்றாக விளக்கிய செம்போடு, நஞ்சுக்கொடி எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா வந்தார். செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். கன்றை அவிழ்த்து மடியருகே கொண்டுபோய் விட்டார்.

"அம்மா, கொடி இன்னும் விழலை!"

கன்று முட்டி முட்டிக் குடித்தது.

"உங்களுக்கு வைக்க வேண்டிய முதல் பாலும்மா அது!"

அம்மா திரும்பவில்லை. கன்றின் ஈர முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"டாக்டர் சொன்ன சக்தி இந்தப் பால்லதான் இருக்கு. மூணு தடவை சாப்பிட்டேன், ஐயா. மூணு தடவையும் நல்லா இருக்குன்னு சொன்னேன்."