ஊக்கின் தலையில் சிவப்புக் கோடு

ஒரு கடைத்தெருவில் பூவலிங்கம் டெய்லர் கடை என்று ஒன்று இருந்தது. பெரிய கடையெல்லாம் இல்லை. ஒரு மெஷின், ஒரு மேசை, இஸ்திரி போட ஒரு பலகை, அவ்வளவுதான். ஆனால் அந்த மேசை மேல் நடந்த அரசியல் இருக்கிறதே, அது ஒரு நாட்டுக்கே போதும்.

மேசையில் இரண்டு கட்சி. வெட்டுகிற கட்சியில் பெரிய கத்திரி, நூல் நறுக்குகிற குட்டிக் கத்திரிகள், தையல் பிரிப்பதற்கென்று வைத்திருந்த ஒரு பாதி பிளேடு. தைக்கிற கட்சியில் ஊசி, நூல்கண்டுகள், டப்பா நிறைய ஊக்குகள். பட்டன்கள் எந்தக் கட்சியிலும் இல்லை. கண்ணாடி ஜாடிக்குள் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கத்தையும் சந்தேகமாகப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அந்த சந்தேகத்தில் தப்பு சொல்லவும் முடியாது.

தீபாவளி வேலை தொடங்குவதற்கு முன்னால் மேசைக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவர் சொல்கிறபடிதான் அந்த சீசன் முழுக்க டெய்லரின் கை போகும். தன் கை தன் பேச்சைத்தான் கேட்கிறது என்று பூவலிங்கம் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

முதலில் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும். பிறகு அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மேசை முழுக்க ஓட்டுப் போடும். முதல் சுற்றில் யார் எந்தக் கட்சி என்று கேட்கக் கூடாது என்பது வழக்கம். கேட்டால் சண்டைதான் வரும், ஏனென்றால் ஊக்கு குத்தவும் செய்கிறது, சேர்க்கவும் செய்கிறது. அது எந்தப் பக்கம்? அதனால் யாரும் எந்தப் பக்கமும் போய் நிற்கலாம். ஆனால் ஒரு பக்கம்தான். வெட்டுகிற பக்கம் ஓட்டுப் போட்டால் தலையில் சிவப்புச் சாக்கட்டிக் கோடு. தைக்கிற பக்கம் என்றால் நீலக் கோடு.

அந்த வருடம் முதலில் வந்தது ஒரு மஞ்சள் துணி. ஒரு சின்னப் பெண்ணுக்குப் பாவாடையும் சட்டையும் தைக்க வேண்டும். துணி அளவாகத்தான் இருந்தது. ஒரு விரல் அகலம்கூட மிச்சம் விழாது. ஒரு வெட்டு தப்பினால் போச்சு, கர்ச்சீப்புக்குக்கூட ஆகாது.

"யாருங்க இந்த வருஷம் தலைவர்?" என்று துணி பயந்து பயந்து கேட்டது.

"ஒண்ணு நான், இல்லேன்னா ஊசி," என்றது கத்திரி. "நான் வந்தா கோட்டை ஒட்டி வெட்டுவேன். ஊசி வந்தா உள்தையலுக்குத் துணி விடச் சொல்லும். எங்களுக்குள்ள சண்டை அதுதான். உனக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப சரிங்க அண்ணாச்சி. யாரு வந்தாலும் எனக்குப் பயமில்லை," என்று துணி மடிப்பைத் தளர்த்திக்கொண்டு படுத்தது.

அந்தப் பேச்சை டப்பாவிலிருந்து ஓர் ஊக்கு கேட்டுக்கொண்டிருந்தது. நேரே ஊசியிடம் போனது.

"அக்கா, போன வருஷம் கத்திரிதான் ஜெயிச்சார். இந்த வருஷமும் அவர் நின்னா நாம அவ்வளவுதான்."

"அதுக்கு என்ன செய்யச் சொல்றே?"

"நம்ம பக்கம் உங்களை விட்டா ஆள் கிடையாது. போட்டியே இல்லாத இடத்துல நாங்க எல்லாம் வரிசையா நின்னு நீலக்கோடு வாங்கி என்ன பண்ணப் போறோம்? அந்தப் பக்கம் போறோம். கத்திரியைத் தோற்கடிச்சு, பிளேடை அவங்க வேட்பாளரா நிறுத்துறோம்."

"பிளேடா?" ஊசி சிரித்துவிட்டது. "அந்தத் துருப்பிடிச்ச பயலா? அவனுக்குக் கோடுன்னா என்னன்னே தெரியாதே!"

"அதான் அக்கா வேணும்! அவன் நின்னா பட்டன் ஒண்ணாவது அவனுக்குப் போடுமா? நீங்க உட்கார்ந்த இடத்துலயே ஜெயிச்சிடலாம்."

ஊசிக்கு சிரிப்பு நின்றது. உள்ளுக்குள் ஏதோ குத்தியது. "ஒருவேளை அவனே ஜெயிச்சுட்டான்னா?"

"ஜெயிச்சாத்தான் என்ன? அவன் கிழிச்சா நாம தைச்சுட்டுப் போறோம். தைக்க முடியாத கிழிசல் இந்த மேசையில என்னைக்கு இருந்திருக்கு?"

தைக்கிறவர்களுக்கு இப்படி ஒரு மிதப்பு உண்டு. எதைக் கிழித்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. கத்திரிக்கு அந்த மிதப்பு கிடையாது. வெட்டினால் வெட்டினதுதான் என்று அதற்குத் தெரியும்.

ஊசி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு சொன்னது: "நான் வர மாட்டேன். நீங்க போறதை நான் பார்க்கவும் இல்லை."

ஆகா, என்ன நியாயம்! ஊசியின் காதில் கோத்திருந்த நூல் மெல்ல உருவிக்கொண்டு இறங்கியது. "இந்தா வந்துடறேன் அக்கா," என்றது. எங்கே என்று ஊசி கேட்கவில்லை.

வெட்டுகிற பக்கத்தில் ஓட்டு தொடங்கியதும் கத்திரிக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. ஊக்குகள் சாரி சாரியாக வந்து நின்றன. பின்னால் நூல்கண்டுகள் உருண்டுகொண்டிருந்தன.

"என்னப்பா ஊக்கு, வழி தப்பி வந்துட்டியா?"

"இல்லீங்களே அண்ணாச்சி. நானும் குத்துற சாதிதானே. குத்துறவனும் வெட்டுறவனும் பங்காளி."

"நேத்து வரைக்கும் இந்தப் பங்காளி எங்கே போயிருந்தான்?"

"அதெல்லாம் கேட்கக் கூடாதுங்க. வழக்கம் அப்படி," என்று ஊக்கு தலையை நீட்டிச் சிவப்புக் கோடு வாங்கிக்கொண்டது.

கத்திரி வாயை மூடிக்கொண்டது. வழக்கத்தை மீறி அது என்றைக்கும் பேசியதில்லை.

ஓட்டு எண்ணினார்கள். பிளேடு வென்றது. கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் இல்லை, வாரிக்கொண்டு போனது. காகிதத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த பிளேடை எழுப்பிச் சொன்னபோது அது நம்பவில்லை.

"எனக்கா? நிசமாவா? என்னைக் கேலி பண்றீங்களா?"

"கேலி இல்லைங்க. இத்தனை பேர் போட்டிருக்காங்க, பாருங்க," என்றது சிவப்புச் சாக்கட்டி.

பிளேடு சிவப்புக் கோடு போட்ட தலைகளை எல்லாம் வரிசையாகப் பார்த்தது. முதலில் கூச்சப்பட்டது. பிறகு காகிதத்தை உதறியது. அப்புறம் நடையே மாறிவிட்டது. நீதான், நீதான் என்று இத்தனை பேர் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? குட்டிக் கத்திரிகள்கூட, நேற்று வரை அதைத் திரும்பிப் பார்க்காதவை, "நம்ம ஆளு பெரிய ஆளுதான் போல" என்று பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டன.

மறுநாள் பெரிய ஓட்டு. பட்டன் ஜாடியைத் திறந்தார்கள். ஊசி பேச எழுந்தது.

"பட்டன்களே, இந்தப் பிளேடை நல்லாப் பாருங்க. இதுக்குக் கோடு தெரியாது, அளவு தெரியாது. இது கையில மேசையைக் கொடுத்தா எல்லாம் நாசம். மஞ்சள் துணி அளவாத்தான் இருக்கு, அதை நினைச்சுப் பாருங்க."

மஞ்சள் துணி நிமிர்ந்து பார்த்தது. அதற்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "கத்திரி அண்ணாச்சி நிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டது.

ஜாடியிலிருந்து ஒரு கோட்டுப் பட்டன் எழுந்தது. தடித்த பட்டன், யாருக்கும் பயப்படாது.

"அதெல்லாம் சரிம்மா. பிளேடு அவ்வளவு மோசம்னா உங்க ஊக்கு தலையில ஏன் சிவப்புக் கோடு?"

ஊக்கு தலையை டப்பாவுக்குள் இழுத்துக்கொண்டது. இன்னொரு ஊக்கு தலையைத் துணியில் தேய்த்துப் பார்த்தது. சாக்கட்டி அவ்வளவு சீக்கிரம் போகிறதா என்ன?

"அது... அது வேற விஷயம்ங்க," என்றது முதல் ஊக்கு.

"என்ன விஷயம்? சொல்லு, கேட்போம்."

என்னத்தைச் சொல்ல? மோசமானவன் என்று தெரிந்துதான் போட்டோம் என்று சொன்னால் பித்தலாட்டம். நல்லவன் என்று நினைத்துப் போட்டோம் என்றால் இன்றைக்கு ஊசி பேசுவது பொய். ஊக்கு ஊசியைப் பார்த்தது. ஊசி மேசையைப் பார்த்தது.

"அட சொல்லுப்பா!" கோட்டுப் பட்டன் விடவில்லை. "ஒண்ணு நேத்து பொய், இல்லேன்னா இன்னைக்குப் பொய். எந்த நாள் பொய்யின்னு மட்டும் சொல்லிடு, போதும்."

ஜாடிக்குள் சலசலப்பு. "எதிர்க்கட்சியே ஓட்டுப் போட்டிருக்கு, அப்ப பிளேடுகிட்ட என்னமோ இருக்கு" என்று சட்டைப் பட்டன்கள் பேசிக்கொண்டன. "இவங்க நமக்கு எதையோ மறைக்கிறாங்க" என்று ஜாடியில் கூடக் கிடந்த ஒரு பாவாடைக் கொக்கி சொன்னது. பிளேடு பேசவே இல்லை. அதற்குப் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

ஊசி பதறிப்போய்க் கத்திரியிடம் ஓடியது. "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க! உங்க பேச்சை பட்டன்கள் கேட்கும். உங்களுக்குத் தெரியும்ல, அவன் கையில போனா என்ன ஆகும்னு!"

"தெரியும்மா," என்றது கத்திரி. அதன் குரலில் கோபம் இல்லை, அதுதான் ஊசிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஆனா நான் இப்ப எழுந்து நின்னா, தோத்தவன் வயித்தெரிச்சல்ல பேசுறான்னு சொல்லுவாங்க. இல்லேன்னா ஊசிகிட்ட விலை போயிட்டான்னு சொல்லுவாங்க. நேத்து வரைக்கும் இந்த மேசையில ஒருத்தர் சொன்னா ஒருத்தர் நம்புவாங்க. அதை நீங்கதானே அவுத்து விட்டீங்க?"

"நான் போகலை அண்ணாச்சி! சத்தியமா நான் போகலை!"

கத்திரி ஊசியின் காதை உற்றுப் பார்த்தது. காதுக்குள், ஓட்டுப் போட்டுத் திரும்பி வந்த நூல் ஒட்டிவிட்டுப் போன சிவப்புச் சாக்கட்டிப் பொடி கொஞ்சம் இருந்தது. கத்திரி திரும்பிப் படுத்துக்கொண்டது.

பிளேடுதான் ஜெயித்தது.

பூவலிங்கம் டெய்லர் சாப்பிட்டுவிட்டு வந்து மஞ்சள் துணியை விரித்தார். அவர் கை பழக்கத்தில் கத்திரியின் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது. ஏனென்று தெரியாமலே அவர் பிளேடை எடுத்தார்.

"பிளேடு அண்ணே, சாக்கட்டிக் கோடு இருக்கு பாருங்க, கோட்டுலேயே போங்க," என்று துணி கெஞ்சியது.

"கோடா? எனக்குக் கோடு பார்த்தா ஓட்டுப் போட்டாங்க?" என்றது பிளேடு. அதில் திமிர்கூட இல்லை. நிஜமாகவே அதற்குப் புரியவில்லை.

பிளேடுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அதைச் செய்தது. பாவாடைக்குப் போட்ட வெட்டு சட்டையையும் கிழித்துக்கொண்டு போனது, சட்டைக்குக் குறித்த இடத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. துரு பட்ட இடமெல்லாம் பிசிறு பிசிறாகத் தொங்கியது. டெய்லர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சின்னப் பெண்ணின் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கு வியர்த்துக்கொட்டியது.

ஊக்குகள் டப்பாவின் மூடியை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டன. ஊசிதான் மனசு கேட்காமல் துணியின் அருகில் வந்தது. நூல் அவசர அவசரமாக அதன் காதில் ஏறியது. ஏறும்போது காதிலிருந்து சிவப்புப் பொடி உதிர்ந்து மஞ்சள் மேல் விழுந்தது. துணி அதைப் பார்த்தது.

"அழாதே," என்றது ஊசி. "நான் இருக்கேன்ல. தைச்சிடலாம்."

துணி, தன் பக்கத்தில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"எதை எதோட, அக்கா?"