அரியணைத் திண்டுக்கு வந்த சீனத்து உறை

அந்தக் காலத்தில் மணிமங்கை நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் குமாரபூபதி. நல்லவன்தான். ஆனால் மனசில் ஒன்று தோன்றிவிட்டால் அது அப்போதே நடந்தாக வேண்டும் அவனுக்கு.

அவனுடைய தாய் இறந்துபோனாள். அன்றிலிருந்து அவனைத் தூக்கமும் விட்டுப் போய்விட்டது. மெத்தையை மாற்றினார்கள், கட்டிலைத் திசைமாற்றிப் போட்டார்கள், வைத்தியர்கள் தைலம் தடவினார்கள். கண் சிவந்ததே தவிர இமை மூடவில்லை.

அரண்மனையின் ஆடைப் பண்டாரத்துக்குத் தலைவர் உத்தண்டராயர். மந்திரி தாண்டவருக்கு அரசன் பக்கத்தில் ஆசனம் இருக்கிறதே என்று வெகுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்தவர். அரண்மனைப் பழந்துணியில்தான் துக்கம் குடியிருக்கிறது, எல்லாவற்றையும் தீயிலிட்டுப் புதுப்பட்டு வாங்கினால் தூக்கம் தானே வரும் என்று அவர் சொல்லிவைத்தார். அரசனும் உடனே கொளுத்தச் சொல்லிவிட்டான்.

தாண்டவர் எழுந்து நின்றார். "கிழிந்தது துணிதான் மன்னா. அதன் பயன் கிழியவில்லை."

அரசனுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த பௌர்ணமிக்குள் அந்தக் கந்தலில் தன் கை தொடத் தகுந்த ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் மந்திரி முத்திரையை உத்தண்டராயரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றான். உத்தண்டராயர் சும்மா இருப்பாரா? புதுத்துணி ஒரு முழம்கூடச் சேரக்கூடாது என்று தன் பங்குக்கு ஒரு முடிச்சுப் போட்டார்.

கொளுத்த வைத்திருந்த பழந்துணி மூட்டைகள் தாண்டவர் வீட்டுக்குப் போயின. அவர் மனைவி வடிவாம்பாள் தையற்காரப் பெண்களைக் கூட்டி உட்கார்ந்தாள். நைந்த நடுப்பாகத்தை வெட்டி எறிந்து, கெட்டியான ஓரங்களை எடுத்து, துவைத்து, எல்லாவற்றையும் அவுரியின் நீலச் சாயத்தில் தோய்த்தார்கள். தலையணைக்கு உறை, திண்டுக்கு உறை, அம்பறாத்தூணிக்கு உறை, தண்ணீர்ப் பானைக்கு மூடுதுணி என்று தைத்துக் குவித்தார்கள். தைத்தது ஒவ்வொன்றாக அரண்மனைக்குள் போய்ச் சேர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சற்றே சாய்ந்தான் குமாரபூபதி. கன்னம் தலையணையில் பட்டது. ஏதோ மெத்தென்று இருந்தது. அவ்வளவுதான் அவனுக்கு நினைவு. விழித்தபோது விளக்கேற்றியிருந்தார்கள். தான் தூங்கியிருக்கிறோம் என்பதே அவனுக்கு நம்பமுடியாத சேதியாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல், கலைந்துவிடுமோ என்று பயந்தவன்போல, வெகுநேரம் அசையாமல் கிடந்தான்.

பௌர்ணமி வந்தது. தாண்டவர் வெறுங்கையோடு சபைக்கு வந்தார். உத்தண்டராயர் முத்திரை வாங்கக் கையை நீட்டாத குறை. தாண்டவரோ, துணியைத் தொட்டே அதன் ஊர் சொல்லும் ராயர், அரியணைத் திண்டின் உறை எந்த ஊர்ச் சரக்கென்று முதலில் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ராயர் தடவிப் பார்த்தார். அது எப்போது வந்தது என்றே அவருக்குத் தெரியாது. பண்டாரத் தலைவருக்குத் தெரியாமல் அரியணைக்கு ஒரு துணி வந்தது என்று எப்படிச் சொல்வார்?

"சீனத்துச் சரக்கு மன்னா. கப்பலுக்குக் காத்திருந்து நானே வாங்கினேன்."

தாண்டவர் உறையைக் கழற்றி உட்புறம் திருப்பினார். மடித்துத் தைத்த ஓரத்தில் ஓர் அன்னப்பறவை. ராயர் தம் தலைப்பாகைகளில் எல்லாம் பின்னிக்கொள்ளும் சின்னம் அது. நைந்துவிட்டது என்று அவரே தீயில் போடச் சொன்ன தலைப்பாகை. சபை குலுங்கிச் சிரித்தது.

அரசன் சிரிக்கவில்லை. அவனுக்கு அந்த மத்தியானத் தூக்கம் நினைவுக்கு வந்தது. தன் படுக்கைத் தலையணையைக் கொண்டுவரச் சொன்னான். உறையைத் தானே உருவி, தானே திருப்பினான். உள்ளே, விரல் நீளத்துக்கு, இழையோட்டி அடைத்த ஒரு கிழிசல்.

நடக்கப் பழகிய வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்திழுத்துக் கிழித்தவன் அவன். அதை அடைத்து அடைத்து அவள் கடைசிவரை உடுத்தினாள். சாயம் நிறத்தை மாற்றியிருந்தது. அந்தத் தழும்பை மாற்றவில்லை.

குமாரபூபதி அரியணையிலிருந்து இறங்கினான். சபை முழுக்க எழுந்து நின்றது. அவன் அந்தத் துணியை இரு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இதையா நான் கொளுத்தச் சொன்னேன்?"



பிறகு அவன் உத்தண்டராயரைக் கூப்பிட்டான். அவர் கப்பலுக்குக் காத்திருந்தது போதும், இனி வடிவாம்பாளிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, மார்கழிப் பனி வருமுன் சத்திரத்துப் படுக்கைகளுக்கெல்லாம் பழந்துணியில் உறை தைத்துத் தரட்டும் என்று உத்தரவு போட்டான். ராயர் குனிந்த தலை நிமிராமல் போனார்.

தாண்டவருக்கு என்ன வேண்டும் என்று அரசன் கேட்டான்.

"தாங்கள் இப்போது போர்த்தியிருக்கும் பட்டு, மன்னா."

அரசன் அங்கேயே அதைத் தோளிலிருந்து எடுக்கப்போனான். தாண்டவர் தடுத்தார்.

"இப்போது வேண்டாம். நன்றாக உடுத்திக் கிழித்த பிறகு கொடுங்கள்."

தாய் போனபின் குமாரபூபதி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.