வெள்ளிக் குதிரையை வணங்காத மந்திரி

வெகுகாலத்துக்கு முன்னே, ஆறும் வாய்க்காலுமாய்ச் செழித்துக் கிடந்த சூமார் தேசத்தைப் பர்சகான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் போட்ட உத்தரவைச் சாயங்காலம் மாற்றிவிடுவான்; நடுவில் அகப்பட்டவன் பாடு திண்டாட்டம்.

அவனுடைய மந்திரிகளில் ஒருவர் செலேமியா. எருசலேம் நகரம் விழுந்தபோது விலங்கு மாட்டிக் கொண்டுவரப்பட்ட யூதர். பல பாஷை தெரிந்தவர் என்று அந்நிய நாட்டுக் கடிதங்களை வாசிக்க அரண்மனைக்குள் எடுத்தார்கள். புத்தியால் மந்திரியானார்.

பதவி வந்ததே தவிர, அங்கே அவருக்கென்று ஒருவரும் இல்லை. கூட வந்த ஜனங்களெல்லாம் ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் மண் மிதித்தார்கள். மந்திரிகள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சட்டம். ராஜ விருந்து தம் வேதத்துக்கு ஆகாது என்று அவர் தொடுவதில்லை, அதனால் தனியே பருப்புக் கூழ் குடிப்பார். மேற்கே எருசலேமை நோக்கித் தனியே ஜெபம் செய்வார். சில நாள் ஜெபத்தின் நடுவே தாய்மொழியில் ஒரு வார்த்தை மறந்துபோகும். கேட்டுக்கொள்ள ஆள் கிடையாது.

பேச்சுத் துணை என்று இருந்தது ராஜாவின் குதிரை ஒன்றுதான். காற்று என்று பெயர். பொழுது சாயும்போது லாயத்துக்குப் போய், அதன் கழுத்தைத் தடவியபடி தம் மொழியில் ஏதேதோ சொல்வார். அது காதைத் திருப்பிக் கேட்கும். ராஜாவும் சில நாள் வந்து, அந்தக் குரலைக் கேட்டபடி பக்கத்தில் நின்றுவிட்டுப் போவான்.

ஒரு கோடையில் காற்று செத்துப்போயிற்று. ராஜா மூன்று நாள் அன்னம் தொடவில்லை.

அப்போது நெபுசார் என்கிற பிரதானி முன்னால் வந்தான். அடிமையாய் வந்தவன் மந்திரியாய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன்.

"மகாராஜா, காற்று சாகவில்லை. தெய்வமாகிவிட்டது. வெள்ளியில் சிலை வையுங்கள். எக்காளம் ஊதினால் எல்லோரும் விழுந்து கும்பிடட்டும். விழாதவன் தலை உருளட்டும்."

துக்கத்தில் இருந்த ராஜாவுக்கு அது இனித்தது. செலேமியா தம் தேவனைத் தவிர யாரையும் விழுந்து கும்பிடமாட்டார் என்பது நெபுசாருக்குத் தெரியும்.

சிலை வந்தது. எக்காளம் ஊதினார்கள். சபை முழுக்கத் தரையில் விழுந்தது. நெபுசார் நெற்றியால் கல்லை இடித்துக்கொண்டு அழுதான். செலேமியா ஒருவர் மட்டும் நின்றார். அங்கியின் நுனியை இறுகப் பிடித்திருந்தார்.

ராஜா கேட்டான்: "காற்றின்மேல் உமக்குப் பிரியம் இல்லையா?"

"இருந்தது பிரபு. இன்றும் இருக்கிறது. ஆனால் நான் வணங்குவது வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரை மட்டும்."

"கேட்டீர்களா மகாராஜா," என்றான் நெபுசார். "உங்கள் துக்கத்தில் பங்கெடுக்காதவன் இவன் ஒருவன்தான்."

ராஜாவின் முகம் கறுத்தது. சேவகர்கள் செலேமியாவைப் பிடித்தார்கள்.

"தலையை எடுங்கள் பிரபு, தடுக்கவில்லை," என்றார் அவர். "அதற்கு முன்னே ஒரு வார்த்தை, உங்கள் காதில் மட்டும்."

ராஜா குனிந்தான்.

"இங்கே விழுந்தவர்களில் காற்றுக்காக விழுந்தவர் எத்தனை பேர் என்று தெரிய வேண்டாமா? சிலையால் ராஜாவுக்குக் கேடு என்று ஜோசியர் சொன்னதாக நாளைக்குப் பறை அறையச் சொல்லுங்கள். திரைக்குப் பின்னால் இருந்து பாருங்கள்."

ராஜாவுக்கு விளையாட்டுப் பிடிக்கும். சரி என்றான்.

மறுநாள் காலை பறை அறைந்தார்கள். அடுத்த நிமிஷமே சபை திரும்பிக்கொண்டது. நேற்று விழுந்தவர்கள் இன்று சிலையை அடிக்கச் செருப்பைக் கழற்றினார்கள். எல்லோருக்கும் முந்தி ஓடிய நெபுசார் சிலையின் முகத்தில் துப்பினான்.

"நான் அப்போதே நினைத்தேன். நொண்டிக் கழுதை. இதற்குப் போய் மூன்று நாள் பட்டினி கிடந்தாரே, அவருக்குப் புத்தி எங்கே போயிற்று?"

இரண்டு சேவகர் நடுவே நின்றிருந்த செலேமியாவுக்குத் தாங்கவில்லை. திரைக்குப் பின்னால் ராஜா இருப்பதே மறந்துபோயிற்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். தம் சால்வை நுனியால் குதிரையின் முகத்தைத் துடைத்தார். துடைக்கும்போது, லாயத்தில் பேசின அதே தாழ்ந்த குரலில், தம் மொழியில் என்னவோ சொன்னார்.

அந்தக் குரல் ராஜாவுக்குத் தெரிந்த குரல். திரையை விலக்கி வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது.

"நெபுசார், என் புத்தி எங்கே போயிற்று என்று கேட்டாயே. நேற்று உன் நெற்றியைப் பார்த்து ஏமாந்துபோயிருந்தது."

நெபுசார் தரையில் விழுந்தான். ராஜா வாளைத் தொட்டான்.

"வேண்டாம் பிரபு," என்றார் செலேமியா. "பயந்தவன் செய்தது. நேற்று நானும் பயந்தேன்."

"பயந்துமா நின்றீர்?"

"விழுந்திருந்தால் அதற்கப்புறம் எனக்கென்று ஒருவருமே இருந்திருக்கமாட்டார், பிரபு. என் தேவன்கூட."

ராஜா வாளிலிருந்து கையை எடுத்தான். பிறகு நெபுசாரை லாயத்தில் சாணி அள்ள அனுப்பினான். சிலையை உருக்கச் சொன்னான். நெபுசாரின் ஆசனத்தைக் காட்டி, "இது உமக்கு," என்றான்.

"ஆசனம் வேண்டாம். வாரந்தோறும் ஏழாம் நாள், எங்கள் ஓய்வுநாளில், என் ஜனங்கள் வேலை செய்யாமல் இருக்கட்டும். அன்றைக்கு அவர்களிடம் போய்வர எனக்கும் அனுமதி கொடுங்கள்."

"அன்றைக்கு நான் யாரோடு பேசுவேன்?" என்றான் ராஜா. ஆனாலும் முத்திரை வைத்துக் கொடுத்தான்.

ஏழாம் நாள் செலேமியா சூளைக்கு நடந்தார். பட்டு அங்கியைக் கண்டதும் பேச்சு நின்றது. எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். இத்தனை வருஷம் தேக்கிவைத்திருந்த மொழியில் சமாதானம் என்று வாழ்த்துகிற ஒரு வார்த்தையை மட்டும் சொன்னார்.

கையெல்லாம் செம்மண் படிந்து வெடித்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து, பக்கத்துத் தரையைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"வா தம்பி, உட்கார்," என்று அதே மொழியில் சொல்லி, தன் அப்பத்தில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள்.

சூமாரின் மந்திரி மண்ணில் உட்கார்ந்து, வாங்கித் தின்றார்.