வாய் கட்டிச் சமைத்த வடமலை

வாருங்கள், சப்பணம் போட்டு நெருங்கி உட்காருங்கள். பின்னால் யாரது கிசுகிசுப்பது? காதை இங்கே கொடுங்கள். உங்கள் ஊரும் என் ஊரும் வெறும் காடாய்க் கிடந்த காலத்துக் கதை இது.

அப்போது ஆழிநல்லூர் என்று ஒரு கோயில் ஊர் இருந்தது. அந்தக் கோயில் மடைப்பள்ளியில் வடமலை என்று ஒரு சமையற்காரன் இருந்தான். சாமிக்குப் படைக்கும் முன் ஒரு பருக்கையைக்கூட நாக்கில் வைக்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. மூச்சுக்காற்றுகூடப் படாமல் இருக்க, வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் அடுப்பருகே போவார்கள். வடமலை ஆவியை முகர்ந்தே உப்புச் சரியா என்று சொல்லிவிடுவான். அவன் புளியோதரைக்கு ராஜாவே கை நீட்டி நிற்பார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அப்பேர்ப்பட்டவனை ஒரு பொடிசு படாத பாடு படுத்தியது.

அவன் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் வல்லிக்கு இரண்டு வயது. வடமலை கோயிலிலேயே சாப்பிட்டுவிட்டு வருவான். வந்ததும் பழக்கம் விடாமல் வாயைக் கட்டிக்கொண்டு மகளுக்குச் சமைப்பான். கட்டிய வாயோடேயே ஊட்டவும் செய்வான். வல்லி உதட்டை இறுக்கிக்கொள்வாள். மீறி ஊட்டினால் தூவென்று துப்புவாள். பக்கத்து வீட்டுப் பசும்பால்தான் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

மனைவியின் தங்கை செண்பகம் ஒருநாள் வந்து பார்த்துப் பதறிப்போனாள்.

"என்ன அத்தான் இது, பிள்ளை விலா எலும்பை எண்ணிடலாம் போலிருக்கே! பௌர்ணமி மதியம் வண்டியோட வருவேன். அதுக்குள்ள இவ தானா சோறு தின்னலேன்னா, நானே தூக்கிட்டுப் போய் வளர்த்துக்கிறேன்."

வடமலை பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டான். அவனுக்கென்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு பிள்ளைதானே!

வைத்தியரிடம் ஓடினான். "கசப்புக் கொடு, பசி பிறக்கும்" என்றார். சுண்டைக்காய் போட்டுக் குழம்பு வைத்தான். வல்லி துப்பினாள்.

மடைப்பள்ளிக் கூட்டாளியைக் கேட்டான். "நெய்யும் வெல்லமும் ஊத்துப்பா, கல்லும் கரையும்" என்றான் அவன். சர்க்கரைப் பொங்கல் கிண்டினான். வல்லி துப்பினாள்.

மேளக்காரரைக் கேட்டான். "வேடிக்கை காட்டி ஊட்டணும்" என்று அவர் தவிலோடு வந்து உட்கார்ந்து வாசித்தார். வல்லி கைகொட்டிச் சிரித்தாள், ஆடினாள், அப்புறம் துப்பினாள்.

வடமலைக்கு ஒன்றும் புரியவில்லை. கசந்தாலும் வேண்டாமாம், இனித்தாலும் வேண்டாமாம்! ஊரே நக்கித் தின்கிற கைச் சமையல் இந்தக் கட்டைவிரல் உயரப் பொடிசுக்குப் பிடிக்கவில்லையா? கையில் கோளாறா, பிள்ளையில் கோளாறா? யோசித்து யோசித்துத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

பௌர்ணமியும் வந்தது. அன்று கோயிலிலும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்து, பருப்பும் முருங்கைக்கீரையும் கடைந்தான். முகர்ந்து பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வல்லி வாயைத் திறக்கவேயில்லை.

"உன் அம்மா இருந்திருந்தா தின்னிருப்பே, இல்லையாடி?" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வாய்த்துணியை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பசி குடலைப் பிடுங்கியது. மகளுடைய தட்டிலிருந்தே ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டான்.

அடடா, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஒரே உப்பு! அண்டாவுக்கு அள்ளிப் பழகிய கை, உழக்குச் சோற்றுக்கும் அதே தாராளத்தோடு அள்ளியிருந்தது; அன்றைக்குச் சுண்டைக்காயும் வெல்லமும் அப்படித்தான் விழுந்திருக்கும். அண்டா ஆவியை அளந்த மூக்கு இந்தச் சின்னச் சட்டியில் ஏமாந்திருந்தது.

"ஐயோ, இதையா என் கண்ணுக்கு ஊட்டினேன்!"

அப்பாவின் வாய் கோணியதைக் கண்டு வல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை நாளும் சாப்பாட்டு வேளையில் அந்த வாயைத் துணி மூடித்தானே பார்த்திருந்தாள்?

வடமலை உப்பில்லாமல் பருப்பும் கீரையும் இன்னொரு மடங்கு வேகவைத்துக் கலந்தான். நாக்கில் வைத்தான். இன்னும் கொஞ்சம் சோறு சேர்த்தான். மறுபடி நாக்கில் வைத்தான். அப்பாடா, சரியாக வந்தது. பிள்ளையைக்கூட மறந்து, தரையில் உட்கார்ந்து பிசைந்து, ஆவலோடு தின்னத் தொடங்கினான்.

வல்லி அவன் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல நகர்ந்து வந்து மடியில் ஏறினாள். தட்டில் கையை விட்டாள். அள்ளியதில் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மீதியை அப்பாவின் வாயில் திணித்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்த செண்பகம், கீரை அப்பிய இரண்டு முகங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கியது. பிறகு வல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு இலை போடுங்க அத்தான். பசிக்குது."

பிள்ளை தின்ன வேண்டும் என்றால், முதலில் நாம் ருசி பார்த்து, அதோடு சேர்ந்து உட்கார்ந்து, அதே சோற்றைத் தின்ன வேண்டும்.