ஓணான் வாயில் ஒரு நார்

குளத்தங்கரையில் நாரை டீச்சர் ஆட்டம் சொல்லிக் கொடுத்து வந்தது. முயல், நண்டு, ஆமை மூன்றும் அதனிடம் படித்தன. தாளத்துக்கு ஓர் ஓணான் இருந்தது. வேலிக்கல் மேல் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டும். "ஓணானைப் பார்த்துக் காலை வையுங்க" என்று நாரை சொல்லும். எல்லாம் அதையே பார்க்கும். ஓணானுக்கு அது ஒன்றே போதும்.

ஒரு நாள் அணில் ஒன்று கிடாரோடு வந்து சேர்ந்தது. சுரைக்குடுக்கையில் கற்றாழை நார்களைத் தந்தியாக இழுத்துக் கட்டிய கிடார். அணில் பாட்டை வீட்டிலிருந்து கொண்டு வராது. ஆடுகிற காலைப் பார்த்து அங்கேயே கட்டும். நண்டு பக்கவாட்டில் போனால் பாட்டும் பக்கவாட்டில் நழுவும். ஆமை ஒரு காலைத் தூக்கிவிட்டு அடுத்த காலை யோசித்தால், அது முடிவு பண்ணும் வரை அணில் ஒரே தந்தியைச் சீண்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். அப்புறம் ஓணானை யார் பார்ப்பார்கள்?

ஓணானின் கழுத்து சிவந்துபோனது. ஒரு நாள் வேண்டுமென்றே தலையை வேகவேகமாக ஆட்டிப் பார்த்தது. அன்று பாட்டும் வேகமாக ஓடியது. ஆமைக்கு மூச்சு வாங்கியது. பொறாமைப்பட்ட கண்ணுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? வாசிக்கும்போது அணில் அடிக்கடி தன் பக்கம் பார்ப்பது மட்டும்தான் தெரிந்தது. நேற்று வந்தது, நம்மைப் பார்த்து இளக்காரமாகச் சிரிக்கிறது என்று அதற்கு வயிறு எரிந்தது.

மழை பெய்து குளம் நிறைந்தது. அதைக் கொண்டாட வைத்த ஆட்டத்தைப் பார்க்கக் காடே கூடியது. அணில் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து ஓணான் இறங்கி வந்தது. கிடாரின் நார்களைக் கடகடவென்று கடித்துப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வேலிக்கல்லில் ஏறிக்கொண்டது.

கிடாரைப் பார்த்ததும் முயல் அழுதேவிட்டது. கூட்டத்தைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று நாரை கேட்டது. அணில் குடுக்கையைத் தடவிக்கொண்டே சொன்னது:

"எதுக்கு டீச்சர்? ஓணான் அண்ணன் இருக்காரே. நான் காலைப் பார்த்துப் பாட்டுக் கட்டுவேன், தாளத்தை அவர் தலையைப் பார்த்துத்தான் பிடிப்பேன். கிடார் இல்லாம ஆடிடலாம். அவர் இல்லாம ஆட முடியாது."

காடே ஓணான் பக்கம் திரும்பியது. அது ஆசைப்பட்டதும் இதற்குத்தானே! ஆனால் கழுத்து கல்லாகிவிட்டது. "ஆட்டுங்க அண்ணே" என்று ஆமை கெஞ்சியது. ஓணான் மெல்லத் தலையை ஆட்டியது. பல்லில் சிக்கியிருந்த கற்றாழை நார் ஒன்று வாய்க்கு வெளியே வந்து, அதுவும் தாளத்துக்குச் சரியாக ஆடியது.

"அண்ணே, வாயில என்ன?" என்றது நண்டு.

யாரும் சிரிக்கவில்லை. அணில் வேலிக்கல்லில் ஏறி அந்த நாரை வலிக்காமல் உருவியது. குடுக்கையில் முடிந்து தட்டிப் பார்த்தது. "குட்டைதான். ஆனாலும் பேசுது. நீங்க ஆட்டுங்க, நான் வாசிக்கிறேன்" என்றது.

ஓணானால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குதித்து வேலிக்குள் ஓடிவிட்டது. அங்கே ஒளிந்து நின்று, பாட்டு கேட்ட பக்கம் பார்த்துத் தனியாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தது.

அடுத்தவன் இடத்தைக் கெடுக்கப் போகிற பொறாமை, தனக்கென்று இருந்த இடத்தையும் கடித்துத் தின்றுவிடும்.